முகத்துக்கு ஏற்ற கூலிங் கிளாஸ்

சித்திரை பிறந்தால் சித்தூர்ப் பக்கம் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். தார்ச்சாலையைப் பார்க்க முடியாது. கொஞ்ச நாளில் மாங்காய்க் காலமும் வந்துவிடும். மாங்காய் பறிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், பைக்கில் சந்தைக்குப் போகிறவர் என்று எல்லோரும் வெயிலில்தான் நிற்க வேண்டும். அப்போதுதான் கூலிங் கிளாஸ் நினைவுக்கு வருகிறது.

வாங்கப் போனால் குழப்பம். திருப்பதிக் கடைவீதியில் ஒரு அட்டையில் முப்பது, நாற்பது கண்ணாடிகள் தொங்கும். வட்டம், சதுரம், பெரியது, சின்னது என்று பல வகை. எதைப் போட்டுப் பார்த்தாலும் கடைக்காரர், "உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்பார். அவர் கையில் கொடுக்கும் சின்ன ஆடியில் கண்ணும் மூக்கும்தான் தெரியும். முழு முகம் தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிய ஆடியில் பார்த்தால், "இது எனக்கா?" என்று தோன்றும்.

முகத்துக்குப் பொருந்தும் கண்ணாடியை எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் சொந்த முகத்தின் வடிவம் தெரிய வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தலைமுடியைப் பின்னால் வாரிக் கட்டிக்கொண்டு ஆடி முன்னால் நேராக நிற்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஆடியில் தெரியும் முகத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு சோப்புத் துண்டால் கோடு போட வேண்டும். தள்ளி நின்று பார்த்தால் முகத்தின் வடிவம் கோட்டில் தெரியும்.

சிலருக்கு அந்தக் கோடு வட்டமாக இருக்கும். கன்னம் உப்பி, தாடை உருண்டு இருக்கும். இவர்கள் வட்டக் கண்ணாடி போட்டால் முகம் இன்னும் உருண்டையாகத் தெரியும். மூலை உள்ள சதுரக் கண்ணாடி, அல்லது அகலம் கூடிய நீள்சதுரக் கண்ணாடி இவர்களுக்கு நன்றாக இருக்கும்.

சதுர முகம் இதற்கு நேர் மாறு. நெற்றியும் தாடையும் அகலம். தாடை எலும்பு எடுப்பாகத் தெரியும். இந்த முகத்தில் சதுரக் கண்ணாடி போட்டால் முகம் முரடாகத் தெரியும். வட்டமும் முட்டை வடிவமும் முகத்தை மென்மையாகக் காட்டும்.

நீள முகம் உள்ளவர்கள் சின்னக் கண்ணாடி போடாமல் இருப்பது நல்லது. முகம் இன்னும் நீண்டு தெரியும். மேலிருந்து கீழே உயரம் உள்ள பெரிய கண்ணாடி முகத்தின் நீளத்தைக் குறைத்துக் காட்டும். நெற்றி அகன்று, முகவாய் கூராக இருப்பவர்களுக்குப் போலீஸ்காரர்கள் போடுவது போன்ற, கண்ணீர்த்துளி வடிவக் கண்ணாடி பொருந்தும். அந்த வடிவம் 1930-களில் அமெரிக்க விமானிகளுக்காக உருவானது. முட்டை வடிவ முகம் கொண்டவர்களுக்குக் கவலை இல்லை. அநேகமாக எந்தக் கண்ணாடியும் பொருந்தும்.

இந்த யோசனைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். முகம் எந்த வடிவமோ, கண்ணாடி அதற்கு மாறான வடிவமாக இருக்க வேண்டும். இது சட்டம் அல்ல. வட்ட முகத்தில் வட்டக் கண்ணாடி பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம். யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

திருப்பதிக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமலையில் கல்யாணக் கட்டாவில் மொட்டை போட்டதும் முகமே மாறிவிடும். முடி மறைத்த நெற்றி முழுவதும் தெரியும். முகம் பெரிதாகத் தெரியும். அன்றைக்குப் பொருத்தமாகத் தெரிந்த கண்ணாடி, முடி வளர்ந்த பிறகு அப்படித் தெரியாமல் போகலாம். மலை இறங்கியதும் கண்ணாடி வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வடிவத்தைவிட அளவு முக்கியம். கண்ணாடியின் அகலம் முகத்தின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். போட்டுக்கொண்டு சிரித்துப் பார்க்க வேண்டும். சிரிக்கும்போது கன்னம் இடித்துக் கண்ணாடி மேலே ஏறினால் அது பெரியது. தலையைக் குனிந்து ஆட்டினால் நழுவக் கூடாது. இமை முடி உரசக் கூடாது. காதுக்குப் பின்னால் அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும். மூக்குத் தண்டு தாழ்வாக இருப்பவர்களுக்கு, மூக்கில் உட்காரும் சின்னக் குமிழ்கள் உள்ள பிரேம் நல்லது. அவற்றை வளைத்துச் சரிசெய்து கொள்ளலாம்.

முகத்துக்குப் பொருந்திவிட்டது. கண்ணுக்குப் பொருந்துமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

வெயிலில் நாம் பார்க்கும் வெளிச்சத்தோடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் வருகின்றன. பல ஆண்டுகள் இந்தக் கதிர்கள் பட்டால் கண்புரை வரும் வாய்ப்பு கூடும். வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கிப் பரவும் நோயும் வரலாம். வெயிலில் வேலை செய்கிறவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

கண்ணாடி கறுப்பாக இருந்தால் இந்தக் கதிர்கள் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அது தவறு. கறுப்பு வேறு, கதிரைத் தடுப்பது வேறு. நிறமே இல்லாத கண்ணாடியும் கதிரைத் தடுக்கலாம். மிகக் கறுப்பான மலிவுக் கண்ணாடி தடுக்காமல் விடலாம். அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இருட்டில் நம் கண்ணின் பாவை விரியும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலும் அப்படியே விரியும். விரிந்த பாவை வழியாகக் கதிர்கள் கூடுதலாக உள்ளே போகும்.

ஆகவே கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். 'யு.வி. 400' என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். எழுத்து தெரியாவிட்டாலும் 400 என்ற எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அந்த எண் உண்மையாக இருந்தால், புற ஊதாக் கதிர் அநேகமாக முழுவதும் தடுக்கப்படும். சீட்டு யாரும் ஒட்டலாம் என்பதும் உண்மை. கண்ணாடிக் கடைகள் சிலவற்றில் இதைச் சோதிக்கும் சிறு கருவி இருக்கும். கேட்டால் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். தெருவில் வாங்கியதையும் அங்கே காட்டலாம். சில கண்ணாடிகளில், காதில் மாட்டும் கையின் உட்புறம் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். கடும் வெயிலுக்கு 3 போதும். 4 மிகவும் இருட்டு. அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது.

நிறத்தையும் பார்க்க வேண்டும். சாம்பல், பழுப்பு நிறக் கண்ணாடிகள் வழியாகச் சாலை விளக்கின் சிவப்பும் பச்சையும் நன்றாகத் தெரியும். நீலம், ரோஸ் போன்ற நிறங்கள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றவை அல்ல. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாக ஒரு கதவு நிலையைப் பார்க்கலாம். கண்ணாடியை மெல்ல அசைக்கும்போது நிலை நெளிந்தால் அதை வாங்க வேண்டாம். தலைவலி நிச்சயம்.

நம் ஊர்களில் கூலிங் கிளாஸ் என்றால் சினிமாக்காரர் நினைவு வரும். எம்.ஜி.ஆர். என்றாலே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான். ஆனால் மு. கருணாநிதி கறுப்புக் கண்ணாடி போட்டது அழகுக்காக அல்ல. கார் விபத்தில் அவர் கண் பாதிக்கப்பட்டிருந்தது.

பையன்கள் போட்டால் ஸ்டைல் என்கிறார்கள். வேர்க்கடலைக் காட்டில் நாள் முழுக்கக் களை எடுக்கும் பெண் போட்டால், "என்னடி, சினிமாவில் நடிக்கப் போறியா?" என்று கேலி செய்கிறார்கள். வெயில் ஆண், பெண் பார்த்து அடிப்பதில்லை. பைக்கில் அரை மணி நேரம் போகிறவரைவிட, குனிந்து எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கே அது அதிகம் தேவை. அகலமான கண்ணாடியோடு, முன்பக்கம் நிழல் தரும் தொப்பியோ முந்தானையோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

கூலிங் கிளாஸ் போட்டுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கக் கூடாது. பார்வை போய்விடும். மெட்ராஸ் ஐ வந்தவர் போட்டுக்கொண்டால் கூச்சம் குறையும், அவ்வளவுதான். அந்த நோய் பார்வையால் பரவுவதில்லை. கையாலும் துண்டாலும் பரவுகிறது. ஆகவே அவர் போட்ட கண்ணாடியை மற்றவர் வாங்கிப் போடக் கூடாது.

தூசி படிந்த கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் கழுவி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுகிறவர்கள், அதே பவரில் நிறக் கண்ணாடி செய்துதரும்படி கடையில் கேட்கலாம்.