மைதானத்துக்கு அடியில் 36 பேர்

1944 நவம்பர். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்த அறைகளில் 36 இளைஞர்களைத் தங்கவைத்தார்கள். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்தவர்கள் அவர்கள். போரால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று உலகம் தெரிந்துகொள்ளத் தங்கள் உடம்பையே சோதனைக்குக் கொடுக்க முன்வந்தார்கள். ஆய்வை நடத்தியவர் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர். உடம்பிலும் மனத்திலும் திடமானவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்தார்.

முதல் 12 வாரம் நாளுக்குச் சுமார் 3200 கலோரி, வயிறார. அடுத்த 24 வாரம் ஏறக்குறைய அதில் பாதி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் நாலில் ஒரு பங்கு கரைந்தது. அதைவிட வியப்பு, அவர்கள் மனம் போன போக்கு.

அடுப்படிப் பக்கமே போயிராத சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். படுத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார்கள். தட்டில் இருந்ததோடு தண்ணீரைக் கலந்து பெருக்கி, ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம்வரை இழுத்தார்கள். தட்டை நக்கினார்கள். சூயிங்கம்மை ஓயாமல் மென்றார்கள். சினிமாவுக்குப் போனால் காதல் காட்சி ஒட்டவில்லை. யாரோ சாப்பிடுகிற காட்சிதான் மனசில் நின்றது. கட்டுப்பாடு முழுக்க நீங்கியபோது ஒரே நாளில் 5000 கலோரியைத் தாண்டிச் சாப்பிட்டார்கள். வயிறு முட்டியும் பசி அடங்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு.

“மனசு சரியில்லைன்னா கண்டதையும் தின்னுடுறேன், எனக்கு வாயைக் கட்டத் தெரியலை” என்று தங்களையே திட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 36 பேர் நினைவுக்கு வருவார்கள். வாயைக் கட்டத் தெரியாதவர்களா அவர்கள்? கொள்கைக்காகப் போரையே மறுத்தவர்கள்.

இரவு பத்தரை மணி. சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே ஒரு கை மிக்சர் டப்பாவுக்குள் போகிறது. முதல் பிடி ருசிக்கிறது. ஐந்தாவது பிடியில் வாயில் இருப்பது ஓமப்பொடியா காராபூந்தியா என்றே தெரிவதில்லை. சாயங்காலம் அலுவலகத்தில் வாங்கிய திட்டுதான் காரணம் என்று அந்தக் கைக்கு உரியவர் நினைக்கிறார். திட்டும் ஒரு காரணம்தான். ஆனால் காலையில் வெறும் காபி, மதியம் அரை வயிறு என்று கழிந்த பகலை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உடம்பு சேர்க்கிறது. இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்லும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமாவும் காங்காவாவும் கண்டுபிடித்தார்கள். சாப்பிடுவதற்கு முன் ஏறி, சாப்பிட்டதும் இறங்குவது அது. டயட் இருந்து எடை குறைந்தால் அதன் அளவு முன்பைவிடக் கூடுகிறது.

பட்டினி உடம்பில் மட்டும் இல்லை, கட்டுப்பாடு என்ற எண்ணத்திலும் இருக்கிறது. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளில் சிலருக்கு மட்டும் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் வேண்டுமளவு ஐஸ்க்ரீம் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்க்ரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட் கவலையில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். இன்றைய விரதம்தான் முறிந்துபோயிற்றே, இனி என்ன என்கிற மனநிலை.

சரி, கவலைக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. பரீட்சை அறை வாசலில் நிற்பவருக்குச் சோறு இறங்காது. திடீர்ப் பதற்றம் பசியை அடக்கும். வாரக்கணக்கில் நீளும் கவலை வேறு வகை. அட்ரினல் சுரப்பி கார்டிசாலைச் சுரந்துகொண்டே இருக்க, இனிப்பையும் கொழுப்பையும் மனம் தேடுகிறது. கலிஃபோர்னியாவில் மேரி டால்மனின் குழு ஓயாத நெருக்கடிக்கு உள்ளான எலிகளைக் கவனித்தது. சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும் தின்ற எலிகளிடம் அந்த நெருக்கடி ஹார்மோன்களின் வேகம் தணிந்தது. 2003இல் அவர்கள் முன்வைத்த கருத்து, ஆறுதலுக்காகத் தின்பது மூளையின் அபாயமணியை உடம்பு தானே தணித்துக்கொள்ளும் ஒரு வழி என்பது. இந்தத் தேடல் குணக்கேடு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மனிதருக்கு அந்த ஆறுதல் எவ்வளவு கிடைக்கிறது? அதே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டிரேசி மானும் சக ஆய்வாளர்களும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனம் கனக்கும் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டிவிட்டு, சிலருக்கு அவரவர் சொன்ன ஆறுதல் பண்டத்தையே கொடுத்தார்கள். சிலருக்கு வேறு ஏதோ தின்பண்டம். சிலருக்கு ஒன்றுமே இல்லை. சிறிது நேரத்தில் எல்லோருக்கும் மனம் தேறியது, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. காலம் செய்த வேலைக்குச் சாக்லேட் பெயர் வாங்கிக்கொள்கிறது. நீண்டகாலத் துயரத்துக்கு இந்த ஒற்றைப் படக்காட்சியை அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் டப்பாவைத் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நடந்தாலோ, அக்காவுக்கு ஒரு போன் போட்டாலோ நட்டமில்லை என்ற தைரியத்தை இது தருகிறது. அதற்குப் பிறகும் சாப்பிடத் தோன்றினால், தட்டில் போட்டு உட்கார்ந்து ருசித்தே சாப்பிடலாம்.

மூன்று மாதமாக வாரத்துக்கு ஒருமுறையாவது கட்டுமீறிச் சாப்பிட்டு, அதை மறைத்து மனம் குமைகிறவர்களுக்கு வந்திருப்பது நோயாக இருக்கலாம். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதைத் தனி நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது, சிகிச்சையும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் வகுத்த பேச்சுச் சிகிச்சையின் தொடக்கப் படிகளில் ஒன்று, தடை விதிப்பதற்கு நேர்மாறானது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, சுமார் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. முந்தைய இரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் காலைப் பலகாரத்தைத் தவிர்க்கக் கூடாது.