ஒட்டும் ஒளியும் – 11: மச்சம் எந்தப் பக்கம்?

போன வாரம் 'கட்டிங்' பார்த்தோம். உருவத்தைப் பின்னணியிலிருந்து அறுத்தெடுக்கும்போது தலைமுடி ஓரம் ஏன் உயிரை வாங்கும் என்பதையும் சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஃபிளெக்ஸ் பேனர் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வரும். அதற்குள் நெமிலிச்சேரி குறுக்கே வந்துவிட்டது.

ஆவடிப் பக்கத்துக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு நெமிலிச்சேரி என்றால் வெளிவட்டச் சாலைதான். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகும் அந்தச் சாலையை இரண்டு கட்டமாகப் போட்டார்கள். முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாவது கட்டம் தொடங்கியதும் நெமிலிச்சேரியில். சாலைக்கே ஒட்டு விழுந்த ஊர். ஒட்டுப்படத்தைப் பற்றி எழுதுகிறவன் இங்கே வராமல் இருந்தால்தான் தப்பு.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ. முன்னால் ஜெராக்ஸ், உள்ளே ஒரு கம்ப்யூட்டர். நான் போன நேரம் ஓர் அம்மா மகளின் கல்யாணப் படத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இறந்துபோன கணவரின் பாஸ்போர்ட் சைஸ் படம், ஓரம் மடங்கியது. "இவரையும் சேர்த்துப் போட்டுக் கொடு தம்பி. பொண்ணுக்குப் பின்னால நிக்கிற மாதிரி."

தம்பி கெட்டிக்காரர். ஸ்கேன் செய்து, முகத்தை அறுத்து, வேறு யாருடைய உடம்பிலோ இருந்த கோட்டின் மேல் பொருத்தினார். தனி லேயர், ஓரம் மென்மையாகக் கலக்கக் கொஞ்சம் ஃபெதர். ஆனால் கல்யாணப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அப்பாவின் முகத்தில் வலப்பக்கத்திலிருந்து. மூக்கின் நிழல் மகளுக்கு ஒரு பக்கம், அப்பாவுக்கு மறுபக்கம் விழுந்தது. தம்பி யோசிக்கவே இல்லை. முகத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பினார். ஒரே அழுத்து. நிழல் சரியாக உட்கார்ந்தது. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அவரு இல்லப்பா."

"அவருதாம்மா. திருப்பியிருக்கேன், அவ்வளவுதான்."

"மச்சம் இந்தப் பக்கம்ல இருக்கும்? வகிடும் மாறிப்போச்சு."

தம்பி மறுபடி திருப்பினார். நிழல் கெட்டது, மச்சம் திரும்பி வந்தது. படம் அப்படியே பிரிண்டுக்குப் போனது. அந்தப் படத்தில் இரண்டு சூரியன். பார்க்கப்போகிறவர்கள் யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. அப்பா இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதைப் பொய்ப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே வேலையை அரசாங்கம் செய்தபோது கதை வேறாயிற்று. 2015 டிசம்பர் 3, சென்னை வெள்ளம். பிரதமர் மோடி அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இறங்கி, வானிலிருந்து வெள்ளத்தைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றில், அவர் பார்க்கும் ஜன்னலுக்கு வெளியே மூழ்கிய வீடுகள் பளிச்சென்று தெரிந்தன. கேமரா தெரிந்தவர்களுக்கு அங்கேயே சந்தேகம். இருட்டான உட்புறத்தில் முகம் தெளிவாக விழும்படி எடுத்தால் ஜன்னலுக்கு வெளியே வெளிறிப் புகையாகத்தான் இருக்கும். அசல் படம் அப்படித்தான் இருந்தது. ஊர் சிரித்த பிறகு படத்தை நீக்கினார்கள். இரண்டு படங்களை இணைத்ததை ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தார்கள். வெள்ளம் உண்மை, பயணம் உண்மை. ஜன்னலை மட்டும் எதற்குத் துடைத்தார்களோ!

சரி, இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் நாலு வரியில் முடிக்கச் சொன்னார். முடியாது.

லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் கேப்டன். சென்னை அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். 1858-ல் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு வருகிறார். விமானத்தின் அடிப்பீடத்தில் வரிவரியாக ஓடும் சோழர் கல்வெட்டுகளைப் படமெடுக்க வேண்டும். ஒரு படத்தில் அடக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். மனிதர் கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்து, பிரிண்ட்களைப் பக்கம் பக்கமாக ஒட்டினார். மொத்த நீளம் 19 அடிக்கு மேல்! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு படத்தின் பங்கு ஏறக்குறைய 11 அங்குலம்.

கண்ணாடித் தகடுகூட இல்லை. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். முன்கூட்டியே தயாரித்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்பதால் நம் வெயிலுக்குத் தோதானது. ஒவ்வொன்றுக்கும் நிமிடக்கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். அதற்குள் வெயில் நகரும். அடுத்த படத்துக்கு முக்காலியைத் தள்ளினால் சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை பிசகினால் அடுத்த துண்டில் எழுத்து பெரிதாகும், வரி ஏறி இறங்கும். இப்படி 21 முறை.

இதன் அருமை தெரிய நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் நின்று மொபைலில் பனோரமா எடுத்துப் பார்த்தேன். நின்ற இடத்தில் திரும்பியபோது பிளாட்பாரம் வாழைக்காய்போல வளைந்தது. நடந்துகொண்டே எடுத்தபோது தூண்கள் இரட்டித்தன. நடுவில் அரக்கோணம் பாசஞ்சர் வந்தது; படத்தில் ஒரு பெட்டி ஆட்டோ நீளத்துக்குச் சுருங்கிக் கிடக்கிறது. பெட்டிக்குள் இருந்தவர்கள் மன்னிக்கவும்.

ராஜராஜன், தானும் தன் அக்காவும் தேவியரும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைப் பொறிக்கச் சொன்ன சுவர் அது. கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் அவற்றைப் படித்து அச்சேற்றத் தொடங்கியது 1891-ல். அதற்கு 33 ஆண்டுகள் முன்பே அந்த வரிகள் காகிதத்தில் ஏறிவிட்டன, துண்டு துண்டாக. ட்ரைப் நெகட்டிவில் வண்ணம் பூசி இல்லாத மேகத்தை வரைந்தவர் என்பதும் உண்டு. வானத்தில் கைவைத்தவர் கல்வெட்டைத் துண்டாக எடுத்து ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டார். 1859-ல் சென்னை ஆளுநர் ட்ரெவெலியன், இந்தப் புகைப்பட வேலை ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். சிக்கன நடவடிக்கை அப்போதும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

பக்கம் தீர்ந்தது. பேனர் அடுத்த வாரம், நிச்சயமாக.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சேர்த்துப் போட்ட குடும்பப் படம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அசலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். மொபைலில் எடுத்தது போதும். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.