மின்சாரம் விற்கும் சங்கம்

மீஞ்சூருக்கு அருகே வட சென்னை, வல்லூர் ஆகிய அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. வல்லூர் நிலையத்தின் திறன் மட்டும் 1,500 மெகாவாட். அங்கே பிறக்கும் மின்சாரம் உயர்ந்த கோபுரங்களின் வழியே ஊர்களைத் தாண்டிச் செல்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுவோருக்கு மிஞ்சியது நிலக்கரிச் சாம்பல். பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களுக்கு வந்து சேர்வது மின் கட்டணக் கணக்கு. இம்மக்கள் மின்சாரத்தை வாங்குவோராகவே இருக்க வேண்டுமா? விற்பவர்களாகவும் ஆகலாகாதா?

ஆகலாம் என்கிறது சட்டம். 1948-ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டம் ராஜ்யங்கள்தோறும் மின்சார வாரியங்கள் ஏற்பட வழி செய்தது. பின்னர் நெடுங்காலம் வாரியம் கொடுப்பதும் குடிகள் பெறுவதுமே வழக்கமாயிற்று. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்த வேலியைப் பிரித்தது. உற்பத்திக்கு உரிமம் வேண்டுவதில்லை. தொழில்நுட்ப விதிகளுக்கு உட்பட்டால் போதும் என்று அதன் 7-ஆம் பிரிவு கூறுகிறது. கம்பெனிகளே அன்றிப் பலர் கூடிய சங்கமும் உற்பத்தியாளராகலாம்.

ஆனால், அனுமதி வேறு, விலை வேறு. பிடித்த மீனை வாங்கக் கரையில் ஒரே வியாபாரி நின்றால் என்ன நேரும் என்பதை ஏரிக் கரையில் சிறு பிள்ளையும் சொல்லும். மின்கம்பியின் மறுமுனையில் நிற்பதும் பெரும்பாலும் ஒரே விநியோகக் கழகந்தான். வாங்குவோரே விலையையும் சொன்னால் விற்பவர் கதி என்ன? ஆதலால்தான் கொள்முதல் விலையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைத்தது.

நல்ல விலை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குஜராத்தில் கேடா ஜில்லாவிலுள்ள டுண்டி கிராமம் சான்று. ஆறு விவசாயிகள் அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சூரிய வெப்பொளியால் ஓடும் பம்புகளை நிறுவினர். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் உதவியது. பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் மத்திய குஜராத் மின் கழகத்துக்கு விற்றனர். விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. ஒப்பந்தம் 25 வருஷம். கழகத்துக்கும் இதில் சௌகரியம் உண்டு. வீடு வீடாகக் கணக்கெழுத வேண்டாம். சங்கத்தின் ஒரே மீட்டரைப் பார்த்தால் போதும். வருமானத்தைப் பங்கிடுவது சங்கத்தின் வேலை.

2019-இல் மத்திய சர்க்கார் வகுத்த குசும் திட்டம், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள நிலையங்களை விவசாயிகளும், கூட்டுறவுச் சங்கங்களும், பஞ்சாயத்துகளும் அமைக்க வழி திறந்தது. எனினும் அது உழவரை மனத்தில் கொண்டு செய்த திட்டம். நிலமில்லாத மீனவருக்கு இருப்பவை மீன் அங்காடி, ஐஸ் கூடம், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் கூரைகளே. பறவைகள் தங்கும் ஏரியைத் தொட வேண்டியதில்லை.

ஐம்பது கிலோவாட் தகடுகள் நம் வெயிலில் வருஷத்துக்குச் சுமார் 70,000 யூனிட் தரும். டுண்டி விலையில் கணக்கிட்டால் மூன்று லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். கடன் தவணை போக மிஞ்சுவது பெருஞ்செல்வமன்று. ஆயினும் முகத்துவாரம் மணல் மூடி மீன் அருகும் கோடையிலேதான் வெயில் மிகுதி என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூடி வாழும் ஒழுங்கை இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளும் ‘பாடு’ முறை பழவேற்காட்டின் பழஞ்சொத்து. குறைவது சர்க்காரின் உறுதியே. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்களுக்கே பல மாதப் பாக்கி நின்றதுண்டு. முதலாளிகள் அதைத் தாங்குவர், ஐம்பது குடும்பங்களின் சங்கம் தாங்குமா? கடன் தீரும்வரை மாறாத விலை, மாதந்தோறும் தவறாத பணம் — இவ்விரண்டையும் மீனவர் சங்கங்களுக்குச் சட்டத்தில் எழுதித் தர வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.