"மாத்திரை சாப்பிட்டீர்களா, அம்மா?"

எங்கள் அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. இரத்தக் கொதிப்பு உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு மாத்திரைகள். மாதம் ஒரு தடவை டாக்டரிடம் போகும்போது துணைக்கு நான்தான் போவேன். "மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று டாக்டர் கேட்பார். "சாப்பிடாமல் என்ன?" என்பாள் அத்தை. ஆனால் இரத்தக் கொதிப்பு இறங்கியபாடில்லை. டாக்டர் புருவத்தைச் சுளித்துக்கொண்டு மருந்தின் அளவைக் கூட்டுவார்.

ஒரு மாதக் கடைசியில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இரவு மாத்திரையில் ஒன்றுகூட மீதி இல்லை. காலை மாத்திரையில் ஒன்பது இருந்தன!

அத்தை சமாசாரத்துக்குப் பிறகு வருகிறேன். அவள் தனி ஆள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நெடுநாள் வியாதிக்காரர்களில், பணக்கார நாடுகளில்கூட, சராசரி பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று அதில் கண்டிருந்தது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் அவ்வளவாகச் செல்லாது.

இந்த விஷயத்தை உலகத்திலேயே மிகக் கவனமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? நம் சென்னை சேத்துப்பட்டில் இருப்பதுதான்! 1956-ல் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சிக்காக ஐந்து வருஷத் திட்டமாக அதை ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நாலும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அந்த இடம் இன்றும் தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையமாக நடந்து வருகிறது.

அந்த நாளில் க்ஷயம் என்றால் ஸானடோரியம். தாம்பரம், மதனப்பள்ளி என்று ஊரைவிட்டு ஒதுங்கிய இடத்தில், நல்ல காற்று, பால், முட்டை, பூரண ஓய்வு. வருஷக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நோயாளியோ லட்சக்கணக்கில், படுக்கையோ ஆயிரக்கணக்கில். இடம் கிடைத்தாலும், கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் எப்படிப் போவாள்? போனால் அடுப்பை மூட்டுவது யார்? போகாவிட்டாலோ, "குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று ஊரார் பேச்சு.

இதற்கு விடை காணத்தான் அந்தப் பரிசோதனை. சென்னையின் ஏழைப் பேட்டைகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பாதியை ஸானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதியை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். யார் எங்கே என்பதைத் திருவுளச்சீட்டுப் போல் முடிவு செய்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரே வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்கோ இடுக்கு வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு, உழைப்பு.

இங்கேதான் ஒரு சிக்கல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எதிரே நின்று மருந்தை விழுங்க வைக்கலாம். வீட்டில் யார் பார்ப்பது? அதுவும் அந்த மருந்து லேசுப்பட்டதல்ல. பி.ஏ.எஸ். என்று பெயர். நாளைக்கு ஏறக்குறைய 10 கிராம் உள்ளே போக வேண்டும். குமட்டும், வயிற்றைப் புரட்டும். கூடக் கொடுத்த ஐசோநயாஸிட் சாது. ஆனால் சாதுவை மட்டும் சாப்பிட்டுவிட்டு மற்றதை ஒதுக்கினால், கிருமி அந்த மருந்துக்கு அஞ்சாமல் பழகிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே உறையில் அடைத்துக் கொடுத்தார்கள். பாகற்காயை ஒதுக்கும் பிள்ளைக்குச் சோற்றில் மறைத்து ஊட்டுகிறோமே, அந்த யுக்திதான்!

வாரம் ஒரு நாள் நோயாளி வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்கே போவார். மிச்ச மருந்தை எண்ணுவார். எண்ணிக்கையை மட்டும் நம்பிவிட முடியுமா? சாக்கடைக்கும் வாய் உண்டே! ஆகவே கையோடு சிறுநீரும் வாங்கி வந்து சோதிப்பார்கள். பி.ஏ.எஸ். உடம்புக்குள் போயிருந்தால், ஒரு ரசாயனத்தை விட்டதும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். (பிற்காலத்தில் வந்த ரிபாம்பிஸின் என்ற க்ஷய மருந்துக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம். அது தானாகவே சிறுநீரை ஆரஞ்சு வர்ணமாக்கிவிடும்!)

போலீஸ் வேலை மாதிரி தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் அந்த நிலையத்தில் முதல் வருஷங்களில் பொறுப்பில் இருந்த வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், இதையெல்லாம் வைத்து 1958-ல் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி தானாக மருந்து சாப்பிடுவது என்பதையே ஒரு தனிப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு எழுதியது அது. அதற்கு முன்னெல்லாம் மருந்து எழுதிக் கொடுப்பதோடு டாக்டரின் வேலை முடிந்தது. சாப்பிடாதது நோயாளியின் அசட்டுத்தனம் என்று இருந்தது.

அசட்டுத்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். க்ஷயத்துக்கு மருந்து சாப்பிட்டால் சில வாரங்களில் இருமல் அடங்கும், பசி எடுக்கும், உடம்பு தேறும். அப்புறம்தான் ஆபத்து. கிருமி இன்னும் உள்ளே இருக்கும்; ஆனால் நோயாளிக்கு நோய் தெரியாது, குமட்டல் மட்டுமே தெரியும். நன்றாக இருப்பவன் எதற்காக மாதக்கணக்கில் குமட்டிக்கொண்டிருக்க வேண்டும்? நானாக இருந்தாலும் யோசிப்பேன்.

பரிசோதனையின் முடிவு 1959-ல் வெளியாயிற்று. ஸானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. பாலும் முட்டையும் படுக்கையும் சேர்ந்து தந்த லாபம் அவ்வளவுதான்! ஸானடோரியத்திலிருந்து சிலர் டாக்டர் பேச்சைக் கேளாமல் வீட்டு நினைவில் பாதியிலேயே கிளம்பிவிட்டதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் இது: நோயாளி வீட்டிலேயே இருந்ததால் மனைவி மக்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவில்லை. வருஷக்கணக்கில் கவனித்தே இதைச் சொன்னார்கள். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் தாய் குழந்தையைப் பிரிய வேண்டியதில்லை! பல தேசங்களில் ஸானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டுக் கணக்கும் ஒரு காரணம்.

"ஒழுங்காக" என்ற அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. தினம் விழுங்குவது கஷ்டமென்றால், வாரம் இரண்டு நாள் வந்து கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டால் என்ன? அதையும் சோதித்து 1964-ல் வெளியிட்டார்கள். தினசரி மருந்துக்கு அது சளைக்கவில்லை. பின்னாளில் உலகமெங்கும் 'டாட்ஸ்' என்ற பெயரில் பரவிய 'கண்ணெதிரே மருந்து' முறைக்கு வேர் இங்கேயும் இருக்கிறது. நம் நாட்டில் 1997-ல் அது தேசியத் திட்டமாயிற்று. அதிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. தினக்கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம் போகும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில், தெரு பார்க்க மருந்துக்குப் போவதற்குப் பயம்.

எண்ணுவதிலும் யுக்தி வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காரர்களுக்கு, திறக்கும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் மூடி போட்ட மருந்துப் புட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1989-ல் வந்த முடிவு: நாளைக்கு ஒரு வேளை என்றால் நூற்றுக்கு 87 வேளை சரியாக நடந்தது, நாலு வேளை என்றால் 39-தான். டாக்டரைப் பார்க்கும் நாளை ஒட்டி மூடி ஒழுங்காகத் திறக்கும். அப்புறம் மறந்துபோகும் என்பதும் தெரிந்தது. பரீட்சைக்கு முதல் நாள் படிக்கும் பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்!

இத்தனையும் படித்துவிட்டு அத்தையிடம் போனேன். கோபித்துக்கொள்ளாமல், "இந்த ஒன்பதை மட்டும் ஏன் சாப்பிடவில்லை, அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை கொஞ்சம் தயங்கினாள். "அது நீர் பிரிகிற மாத்திரையடி. சாப்பிட்டால் மத்தியானம் வரைக்கும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்திருக்க வேண்டும். கோயிலுக்கும் பாங்கிக்கும் பஸ்ஸில் போகிற அன்று என்ன செய்வேன்? வழியில் பொம்மனாட்டிகள் ஒதுங்க எங்கே இடம் இருக்கிறது?"

அடுத்த மாதம் டாக்டரிடம் இதை நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "வெளியே போகிற அன்று திரும்பி வந்ததும் சாப்பிடுங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?"

"நீங்கள் சாப்பிட்டாயா என்றுதானே கேட்டீர்கள், டாக்டர்?" என்றாள் அத்தை.