விலாசம் மாறினால் ஆளும் மாறுமா?

2010 இல் சுவிசுக்கு வந்த புதிதில் எங்களுக்கு ஒரே வருடத்தில் மூன்று விலாசங்கள். முதலில் பதிவு முகாம், பிறகு மாநில முகாம், அதன்பின் ஒரு கிராமத்தில் மூவருக்கு ஓர் அறை. எங்களில் ஒருவரின் தாயார் ஊரிலிருந்து அனுப்பிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இரண்டாவது முகாமுக்குப் போய், ஆள் இல்லையென்று திரும்பிவிட்டது. ஆளோ நாற்பது கிலோமீற்றர் தள்ளி இருந்தார்! அவருடைய கலியாண எழுத்து அதனால் ஏழு மாதம் பிந்தியது.

இன்று மூவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை. இரவு வேலைக்கு வெளிக்கிடும்போது ஊருக்குக் கதைத்தபடியே படியிறங்குவோம். வாசலைத் தாண்டியதும் அம்மாவின் முகம் உறைந்துபோகும். சிலவேளை அழைப்பே அறுந்துவிடும். "ஏன் மோனை, கதைக்கேக்கை வைச்சிட்டாய்?" என்று மறுநாள் கேள்வி வரும்.

திரும்பிப்போன கடிதத்துக்கும் அறுந்த அழைப்புக்கும் காரணம் ஒன்றுதான் என்பதைக் கணனி படிக்கும் தம்பி ஒருவர் விளக்கியபோதுதான் அறிந்தோம்.

வீட்டு வைஃபையில் நிற்கும்வரை எங்கள் பேச்சு வீட்டு இணைப்பின் இலக்கத்தில் போகிறது. வெளியே வந்ததும் தொலைபேசிக் கம்பனி வேறோர் இலக்கம் தருகிறது. இணையத்தில் அந்த இலக்கம் இரண்டு வேலை செய்கிறது: 'எங்கே இருக்கிறார்' என்பதையும் சொல்கிறது, 'இவர்தான்' என்பதற்கும் அதுவே சாட்சி. ஆகவே இடம் மாறினால் மறுமுனைக்கு நாங்கள் அந்நியர்.

இலக்கத்தில் இடம் இல்லாமலும் முடியாது. தபால் கந்தோரில் முதலில் நாட்டையும் ஊரையும் பார்த்துத்தானே கடிதங்களைப் பிரிக்கிறார்கள்? வழிகாட்டும் ரவுட்டர் கருவிகளும் இலக்கத்தின் முன்பகுதியைப் பார்த்துத்தான் அனுப்புகின்றன. ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைக் காவிக்கொண்டு நாடு நாடாகத் திரிந்தால், உலகிலுள்ள பெரிய ரவுட்டர் எல்லாவற்றிலும் ஆளுக்கொரு வரி எழுத வேண்டிவரும்.

இது புதுச் சிக்கலல்ல. பெயர் வேறு, விலாசம் வேறு, போகும் வழி வேறு என்று ஜோன் ஷொக் என்பவர் 1978 இலேயே எழுதிவைத்தார். 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் இணையப் பெயர்களுக்கான முறையை வகுத்தார். பெயரைச் சொன்னால் இலக்கம் கிடைக்கும். ஆனால் பெயரைப் பார்ப்பது பேச்சு தொடங்கும்போது மட்டும். பிறகு எல்லாம் இலக்கம்தான்.

1996 இல் வெளியான ஒரு முறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. நிரந்தர இலக்கம் சொந்த இடத்தில் இருக்கும்; அங்குள்ள ஒரு கணனி, வரும் பொதிகளை நாங்கள் போயிருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்தத் தற்காலிக இலக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'மே/பா' விலாசம்தான்! முகாமில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. குறை என்னவென்றால், பக்கத்து அறைக்காரரின் கடிதமும் சிலவேளை ஊர்சுற்றித்தான் வரும்.

1999 இல் றொபேர்ட் மொஸ்கோவிற்ஸ் வேறு வழி சொன்னார். ஆளுக்கு அடையாளம் ஒரு பகிரங்கச் சாவி. இலக்கம் வெறும் இடம் மட்டும். எந்த வீட்டில் இருந்து எழுதினாலும் கையெழுத்து எங்களுடையதுதானே, அதுபோல.

2021 இல் முறையாக வெளியான 'குயிக்' என்ற விதியில் பேச்சுக்கே தனி அடையாளம் உண்டு. கைத்தொலைபேசியின் இலக்கம் மாறினாலும் அதை வைத்து மறுமுனை கண்டுகொள்ளும். இன்னொன்றையும் யோசித்திருக்கிறார்கள். இடம் மாறும்போது அந்த அடையாளத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நின்று பார்ப்பவர் எங்களைப் பின்தொடரலாம். சோதனைச் சாவடி கண்ட எங்களுக்கு இது சின்ன விடயமல்ல.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல். இணைப்புத் தரும் கம்பனியின் பெயரோடு வரும் மின்னஞ்சலை விசாவுக்கும் வங்கிக்கும் கொடுக்காதீர்கள். கம்பனியை மாற்றினால் அதுவும் போய்விடலாம். எங்கும் கொண்டுபோகக்கூடிய மின்னஞ்சல் ஒன்றை வைத்திருங்கள். சிம்மை வீசுமுன் எல்லா இடத்திலும் புது இலக்கத்தைப் பதியுங்கள். பழையதைக் கம்பனி பிறகு வேறொருவருக்குக் கொடுக்கும். உங்கள் இரகசியக் குறியீடுகள் அவருக்குப் போகும்.

வாசலில் அழைப்பு அறுவது எங்களுக்கு இன்னும் முற்றாக நிற்கவில்லை. அதனால் இப்போது படியிறங்குமுன் வைஃபையை நிறுத்திவிட்டுத்தான் ஊருக்கு அழைக்கிறோம்.