பிள்ளையின் கணக்கு

மாலை நான்கு மணி. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் இருவர் அடுக்களைத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஐந்து. தாயார் ஒரே அளவான இரண்டு பித்தளைப் பேணிகளில் பால் வார்த்து வைக்கிறார். மகள் தன் பங்கை உயரமான கண்ணாடிக் குவளையொன்றிலே ஊற்றிக்கொள்கிறாள். உடனே இளையவனின் முகம் கோணுகிறது. “அக்காவுக்குத்தான் கூட. எனக்குக் காணாது.” “இரண்டும் ஒண்டுதானடா, நீயே பார்த்தனிதானே” என்கிறார் தாயார். குவளையிலிருந்த பாலைத் திரும்பவும் பேணியில் ஊற்றிக் காட்டுகிறார். அப்பொழுது பையன் சரி என்று தலையசைக்கிறான். மறுபடியும் பால் குவளைக்குச் சென்றதும் பழையபடி அழுகை.

இத்தகைய வழக்கு எந்த வீட்டிலும் நடப்பது. பெரும்பாலும் அது இரண்டில் ஒரு வழியாகத் தீர்த்துவைக்கப்படுகிறது. “பேராசை பிடித்தவன்” என்று பையன் ஏச்சு வாங்குவான். அல்லது அவனுடைய பேணியில் இன்னுமொரு கரண்டி பால் விழும். முதலாவது தீர்ப்பு அவனுக்கு அநீதி. இரண்டாவது அக்காவுக்கு அநீதி. ஏனெனில் அவன் பேராசைப்படவுமில்லை, பொய் சொல்லவுமில்லை. உயர்ந்து நிற்பது எதுவோ அதுவே கூடியது என்பது அவன் கணக்கு. உயரம் கூடியபோது அகலம் குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் ஆற்றல் அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சுவிற்சர்லாந்து நாட்டறிஞர் ஜீன் பியாஜே (1896 – 1980) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வகைக் கணக்குகளை ஆராய்வதிலேயே செலவிட்டார். தம்முடைய மூன்று பிள்ளைகளும் தொட்டிலில் கிடந்த காலந்தொட்டு அவர்கள் செய்தவற்றையெல்லாம் உடனுக்குடன் குறித்துவைத்தவர் அவர். பாத்திரம் மாறினாலும் நீரின் அளவு மாறாது என்பதைப் பிள்ளைகள் ஏறத்தாழ ஏழு வயதளவிலேயே உறுதியாகப் பற்றிக்கொள்கின்றனர் என்று அவர் கண்டார். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளிலே இது பல்லாண்டுகளாகப் போதிக்கப்படும் பாடந்தான். ஆயினும், அதைப் படித்துத் தேறிய ஆசிரியர்களின் வீட்டிலும் பால்பேணி வழக்கு ஏச்சிலேயே முடிவது வேடிக்கை.

பியாஜேயின் முடிவைப் பின்வந்தோர் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவுமில்லை. எடின்பரோவைச் சேர்ந்த மார்கிரட் டொனால்ட்சன் என்னும் அம்மையார் 1978இல் வெளியிட்ட நூலொன்றில் ஒரு நுட்பத்தை எடுத்துக்காட்டினார். பெரியவர் ஒருவர் ஒரு பொருளை வேண்டுமென்றே மாற்றி வைத்துவிட்டு, முன் கேட்ட அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டால், “விடை மாறவேண்டும் போலும்” என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. அந்த மாற்றத்தைக் குறும்புக்காரக் கரடிப் பொம்மையொன்று செய்துவிட்டதாகக் காட்டினால், அதே வயதுப் பிள்ளைகளுட் பலர் சரியான விடையைத் தருகின்றனர். பிள்ளை நம் கேள்வியை மட்டுமன்று, நம் முகத்தையும் படிக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

மொழியிலும் பிள்ளைக்கென ஒரு கணக்கு உண்டு. “நாளைக்கு அம்மம்மா வீட்டை போனனாங்கள்” என்று மூன்று வயதுக் குழந்தை கூறினால் வீட்டார் சிரிப்பர். இன்று அல்லாத எந்த நாளும் அதற்கு ஒரே நாள்தான். நேற்றும் நாளையும் பிரிந்து நிற்பதற்குக் காலம் வேண்டும். எண்ணிப் பழகும் பிள்ளை இருபத்தொன்பதுக்குப் பின் “இருபத்துப்பத்து” என்று சொல்வதுண்டு. எழுநூறு, எண்ணூறு என்று வந்த பிள்ளை அடுத்ததை “ஒன்பதுநூறு” என்று சொல்லித் திருத்தப்படுவதும் உண்டு. நின்று யோசித்தால், இங்கே ஒழுங்கு தவறாதது பிள்ளைதான்; தொள்ளாயிரம் என்று வழி விலகி நிற்பது தமிழ். விதியைக் கண்டுபிடித்துப் பிரயோகித்த பிள்ளைக்குக் குட்டு விழுகிறது. கேட்டதை ஒப்புவித்த பிள்ளைக்குப் பாராட்டுக் கிடைக்கிறது.

இரவு பஸ்ஸில் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பும் வழியில், யன்னலோரத்துச் சிறுமி, “அப்பா, நிலா ஏன் எங்களோடை வருது?” என்று கேட்கிறாள். ஜெனீவா நகரத்துச் சிறுவரும் பியாஜேயிடம் இதைப்போன்றே கூறினர். களைத்துப்போன தந்தைக்கு “பேசாமல் இரு பிள்ளை” என்பதே எளிதான மறுமொழி. ஆனால் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “பனை ஓடுது பார், தூரத்து விளக்கு மெல்லப் போகுது பார், நிலா எல்லாத்திலும் தூரம்” என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொருள் இச்சிறு பயணத்தில் இடம் பெயர்ந்ததாகத் தோன்றாது. அவ்விலக்கத்தைச் சிறுமிக்குச் சொல்லவேண்டியதில்லை. பனையும் விளக்கும் போதும்.

பிள்ளைகள் தமக்குத் தாமே பேசிக்கொள்வதைக் கண்டு கவலைப்படும் தாய்மாரும் உளர். முற்றத்தில் சிரட்டையில் மண்சோறு சமைக்கும் நான்கு வயதுச் சிறுமி, “இப்ப உலை கொதிக்குது. இனி அரிசி போடவேணும். கவனம், சுடும்” என்கிறாள். பக்கத்தில் ஒருவருமில்லை. இரண்டாண்டு கழித்து அவள் கூட்டற் கணக்குச் செய்யும்போதும் வாய் அசைகிறது. “வாயை மூடிக்கொண்டு செய்” என்று அதட்டல் பிறக்கிறது. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, முப்பத்தெட்டாவது வயதுக்குள் 1934இல் மறைந்த ரஷ்ய அறிஞர் வைகொட்ஸ்கி இப்பேச்சை வேறு விதமாக விளங்கிக்கொண்டார். பெரியவர்கள் முன்பு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை இப்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது. நாளடைவில் அப்பேச்சு ஒலி இழந்து உள்ளே இறங்கிச் சிந்தனையாகிவிடுகிறது என்றார் அவர். “கவனம், சுடும்” என்பது யாருடைய குரல் என்று அந்தத் தாயார் சற்றுக் காதுகொடுத்தால், தம்முடைய குரலையே கேட்பார். வாயை மூடச் சொல்வது பாதி வழியில் ஏணியை எடுப்பதற்கு ஒப்பாகும்.

பொய் பேசும் பருவமொன்றும் வருகிறது. சீனிப் போத்தல் திறந்து கிடக்க, உதட்டோரம் சீனி ஒட்டியிருக்க, “பூனை திண்டிட்டுது” என்று நான்கரை வயதுப் பையன் சாதிக்கிறான். வீடே திடுக்கிடுகிறது. விம்மர், பெர்னர் என்னும் ஆய்வாளர் இருவர் 1983இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கதையிலே ஒரு சிறுவன் இனிப்பை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே செல்கிறான்; அவன் அறியாமல் தாயார் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றுகிறார். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் இனிப்பு இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகின்றனர். நான்கைந்து வயதாகும்போதுதான், “அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்திலே தேடுவான்” என்னும் விளக்கம் வருகிறது. என் மனத்தில் உள்ளது அம்மாவின் மனத்தில் இல்லை என்று பிள்ளை கண்டுகொண்டதன் பின்னரே நம்பத்தக்க பொய் பிறக்கமுடியும். பிறர் துன்பத்தை உணரும் இரக்கம் முதிர்வதற்கும் அவ்வறிவு வேண்டும். பொய்யைப் பாராட்டவேண்டும் என்பதன்று பொருள். “சீனியைத் துடைத்துவிட்டு வா, போத்தலை மூடுவோம்” என்று சொல்லி, செய்ததைச் சீர்செய்யப் பழக்குவது ஒரு வழி. “களவாணி” என்று பெயர் சூட்டுவது மற்றொரு வழி. அப்பெயர் போத்தல் உடைந்த பின்னும் வீட்டிலேயே தங்கிவிடும்.

பெற்றாரின் கணக்கும் பிழைப்பதுண்டு, குறிப்பாகப் பல்லிலே. ஆறு வயதளவில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. “விழப்போகும் பல்தானே” என்று அதைக் கவனியாது விடுவோர் பலர். அது விழுவதற்கன்று, வாழ்நாள் முழுவதும் இருப்பதற்கு வந்த பல்.

ஏழெட்டு வயதுக்குப் பின் பிள்ளையின் கணக்கில் பெரிய மாற்றமொன்று நிகழ்கிறது. ஐந்து வயதுப் பையனை, “வகுப்பிலே கெட்டிக்காரன் ஆர்?” என்று கேட்டால், தயங்காமல் “நான்” என்பான். அவனை அடுத்திருப்பவனும் “நான்” என்பான். இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளையோ சற்று யோசித்து வேறொருவரின் பெயரைச் சொல்லும். தன்னைப் பிறரோடு நிறுத்துப் பார்க்கும் தராசு அப்பொழுது அதன் கைக்கு வந்துவிடுகிறது. தராசு புதிது, எதையும் அதிலே போட்டுப் பார்க்கும் ஆவலும் புதிது. அம்மாவின் அன்பையும் அது அதிலே போட்டுப் பார்க்கிறது.

இலங்கையிலே இந்தத் தராசு கைக்கு வந்த மறுவருடமே ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்து நிற்கிறது. அதன் தொடக்கம் மேன்மையானது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் காலத்தில், இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் திறமை மிக்கோர் மத்திய கல்லூரிகளில் தங்கிப் படிக்க வழிசெய்ததே அத்திட்டம். குடிசையிலிருந்து புறப்பட்டு வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்தவர்கள் அதை நன்றியோடு நினைப்பர். ஆயினும் இன்று அதே பரீட்சை, பிரபல பாடசாலைகளின் வாயிற்கதவாகவும், குடும்பங்களின் மதிப்புக்கு அளவுகோலாகவும் மாறிவிட்டது. 200 புள்ளிகளில் எத்தனை, வெட்டுப்புள்ளிக்கு மேலா கீழா என்பதே கேள்வி.

அதன் பொருட்டு வீட்டிலே எவை கைவிடப்படுகின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும். முதலில் விளையாட்டுப் போகிறது. பின்பு கோயிற் திருவிழா, அம்மம்மா வீட்டுப் பயணம், இரவுச் சாப்பாட்டு வேளையின் கதை. மாலை வகுப்பு முடிந்து ஏழு மணிக்கு வரும் பிள்ளை புட்டை விழுங்கிக்கொண்டே மாதிரி வினாத்தாளைத் திருப்புகிறது. அதனோடு பெற்றார் பேசும் பேச்சில் பெரும்பகுதி, “எத்தினை எடுத்தனி? மற்றவை எத்தினை?” என்பதாகச் சுருங்குகிறது. ஒப்பிடும் வயது ஏற்கெனவே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது; அதற்கு வீடு வேறு துணைசெய்ய வேண்டியதில்லை. வீடு செய்யத்தக்கது, தராசில் ஏறாத பொருள் ஒன்று உண்டு என்று காட்டுவதே.

பெறுபேறு வரும் நாளில் இது சோதனைக்கு வருகிறது. ஓரிரு புள்ளிகளால் தவறிய பத்து வயதுப் பிள்ளை முதலில் பார்ப்பது பெறுபேற்றையன்று, தாயின் முகத்தை. அன்றைய தினம் தொலைபேசியில் உறவினர் கேட்கும் கேள்விக்குத் தாயார் எந்தக் குரலில் மறுமொழி சொல்கிறார் என்பது கதவுக்குப் பின்னால் நிற்கும் காதுக்கு எட்டுகிறது. “எடுக்கேல்லை” என்று தாழ்ந்த குரலில் சொல்வதற்கும், “நூற்று முப்பத்தாறு எடுத்திருக்கிறாள், நல்லாய்ச் செய்தவள்” என்று வழமையான குரலில் சொல்வதற்கும் உள்ள தூரத்தை அப்பிள்ளை நெடுங்காலம் மறவாது. அன்றிரவும் வழக்கம்போல அவளே விளக்கேற்றட்டும். தம்பிக்குக் கதை சொல்லட்டும். அவளுக்குரிய இடத்தில் ஒன்றும் குறையவில்லை என்பதை அந்த வேலைகள் சொல்லிவிடும். புத்திமதி வேண்டியதில்லை.

இதற்கு அடுத்தபடி உடல் தன் கணக்கைத் தொடங்குகிறது. பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதிலும், ஆண்பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டாண்டு பிந்தியும் மளமளவென்று வளர்கின்றனர். தைத்த சட்டை வருடம் முடியமுன் கட்டையாகிறது. அத்துடன் தூக்கமும் இடம் மாறுகிறது. தூக்கத்தை வருவிக்கும் மெலற்றோனின் என்னும் சுரப்பு, பருவமடையும் வயதினருக்கு இரவில் முன்னையிலும் பிந்தியே சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே பதினைந்து வயதுப் பையன் இரவு பத்து மணிக்கு விழித்திருப்பதும், காலையில் எழ மறுப்பதும் முழுக்கச் சோம்பல் அன்று; கைத்தொலைபேசியின் குற்றம் மட்டுமும் அன்று, அது நிலைமையை மோசமாக்குவது உண்மையெனினும். 2016இல் வெளியான அமெரிக்க மருத்துவப் பரிந்துரையின்படி, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணித்தியாலமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணித்தியாலமும் தூக்கம் தேவை. பாடசாலை காலை 7.30 மணிக்குத் தொடங்குகிறது. நாலு மணிக்கு எழுந்து படித்தால் மனத்தில் பதியும் என்பது தமிழ் வீடுகளின் பழைய நம்பிக்கை. ஏழரை மணிக்கு விளக்கணைத்த காலத்தில் அது பொருந்தியிருக்கும். பதினொரு மணிவரை வகுப்பும் வீட்டுவேலையும் என்று விழித்திருந்த பிள்ளையை நாலு மணிக்குத் தட்டி எழுப்பினால், இரண்டாம் பாடவேளையில் அது மேசையிற் சாய்வதைப் பற்றி முறையிட வழியில்லை.

இவ்வயதில் பேச்சும் குறைகிறது. பத்து வயதுவரை பாடசாலைக் கதையெல்லாம் கொட்டியவன், “இண்டைக்கு என்ன நடந்தது?” என்றால் “ஒண்டுமில்லை” என்கிறான். முகத்துக்கு நேரே நின்று கேட்கும் கேள்வி அவனுக்கு விசாரணையாகப் படுகிறது. பக்கத்தில் நின்று ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால் நிலைமை வேறு. தாயார் கத்தரிக்காய் நறுக்க, மகள் தேங்காய் துருவும்போது, பார்வை இரண்டும் கையிலே இருக்கப் பேச்சு வெளிவருகிறது. கிணற்றடியிலே தந்தை சைக்கிளைச் சரித்துப் பிடிக்க, மகன் சங்கிலிக்கு எண்ணெய் இடுகிறான். ஆசிரியர் ஒருவர் ஏசியது, நண்பன் ஒருவன் பேசாமல் விட்டது, கணிதம் விளங்காமற் போனது என்று ஒவ்வொன்றாக வருகின்றன. எண்ணெய் இட ஐந்து நிமிடம் போதும். அன்று அரைமணி நேரம் சென்றாலும், சைக்கிளைப் பிடித்திருக்கும் தந்தை அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்துவிடுகிறார்.