நான்கு எண்களில் இரண்டு போதும்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கூலாயைத் தாண்டினால் செடெனாக் வரும். நெடுங்காலமாக அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனைதான். இன்று அந்தத் தோட்ட நிலத்தில் ஆள் நடமாட்டம் அதிகமில்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. ஜொகூர் கார்ப்பரேஷனின் கிளையான ஜேலேண்ட் குழுமம் உருவாக்கிய செடெனாக் டெக் பார்க்கில், பிரின்ஸ்டன் டிஜிட்டல் குழுமம் 150 மெகாவாட், யோண்டர் 300 மெகாவாட் என்று பெருங்கணக்கில் தரவு மையங்களுக்குத் திட்டமிட்டன. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022 வரை அந்த நிறுத்தம் நீடித்தது. நிலமும் மின்சாரமும் பக்கத்திலேயே வைத்திருந்த ஜொகூர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனை கட்டடங்களுக்கு மின்சாரமும் குளிர்விக்கும் நீரும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி ஊரில் எழாமல் இல்லை. அது தனியே எழுதப்பட வேண்டிய விஷயம்.

இத்தகைய கட்டடங்கள் உலகெங்கும் செய்யும் வேலைகளில் மிக எளிமையான ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். அது வீட்டில் இருந்து படிக்கும் ஒரு பிள்ளையின் நேரலைக் கணக்கு வகுப்பு.

மலேசியாவில் 2003 முதல் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். அந்த வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் நடத்த அமைச்சரிடம் விலக்குப் பெற வேண்டும். இடைநிலை வயதில் வீட்டுக் கல்விக்கு வருகிறவர்கள் பலர் கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வைத் தனித் தேர்வராக எழுதுகிறார்கள். மொழி, வரலாறு, அறிவியல் என்றால் பெற்றோர் சமாளித்துவிடுவார்கள். நூலகம் இருக்கிறது, காணொளிகள் இருக்கின்றன. இயற்கணிதமும் திரிகோணமிதியும் வரும்போதுதான் அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாட்டின் எல்லா வீடுகளும் இந்த நிலையில்தான் இருந்தன. தற்காலிகமாகத் தொடங்கிய இயங்கலை வகுப்பு, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு நிரந்தர ஏற்பாடாகிவிட்டது.

பதிவு செய்த காணொளியே போதாதா, நேரலை எதற்கு என்று கேட்கலாம். பிள்ளை −3(ம − 4) என்பதை விரிக்கிறது. −3ம − 12 என்று எழுதுகிறது. இந்த இடத்தில் ஆசிரியர் "ஒரு நிமிஷம்மா, மைனஸையும் மைனஸையும் பெருக்குனா என்ன வரும்?" என்று கேட்டால், பிள்ளை அடுத்த வரிக்குப் போகும் முன்பே +12 என்று திருத்திக்கொள்கிறது. காணொளி அப்படிக் கேட்காது. அந்தத் தவறு பத்து வரி தாண்டி விடையில் போய் நிற்கும்போது, எங்கே பிசகியது என்று பிள்ளைக்கே தெரியாது. கணக்கில் தவறு நடந்த வரியிலேயே அதைப் பிடிப்பதுதான் கற்பித்தலின் பாதி. பதிவுகளால் புகழ்பெற்ற கான் அகாடமியும் 2004-இல் நேரலையாகத்தான் தொடங்கியது. சல்மான் கான் பாஸ்டனில் இருந்தபடி, நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியிலும் கணினியின் வரைபலகையிலும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கேட்கும் பிள்ளைகள் பெருகிய பிறகுதான் பதிவுகள் வந்தன.

நேரலை நேரலையாக இருக்க ஒரு கெடு உண்டு. பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கு நடுவே உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி என்று கண்டது. அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இதைவிட வெகுவாகத் தாமதித்தால் ஆசிரியர் "புரியலையா?" என்று குறுக்கிடுவார். அதே கணம் பிள்ளையின் பதிலும் வந்து சேரும். இருவரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருப்பார்கள். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்திருப்பது இதனால்தான்.

ஆசிரியர் சென்னையில் இருந்தால்? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் கடலடியில் போடப்பட்ட ஐடூஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வகுத்துப் பார்த்தால் 16 மில்லிநொடி. வங்கக் கடலைக் கடக்க ஆவது அவ்வளவுதான்! மிச்ச நேரத்தைத் தின்பவை கரையில்தான் இருக்கின்றன. படத்தைச் சுருக்க, விரிக்க, வீட்டு வைஃபையில் வரிசையில் நிற்க, முன்பின்னாக வரும் தரவுப் பொட்டலங்களைச் சற்றே தேக்கி ஒழுங்குபடுத்த என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நேரலைக்கு இன்னொரு குணமும் உண்டு. வழியில் தொலைந்த பொட்டலத்துக்காகப் பெரும்பாலும் அது காத்திருப்பதில்லை. தாமதமாக வரும் சரியான படத்தைவிட, நேரத்துக்கு வரும் சற்றுக் குறைபட்ட படமே மேல் என்று அது விட்டுவிட்டுப் போகிறது.

எட்டுப் பேர் கொண்ட வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருக்கும் தன் படத்தை நேரடியாக அனுப்பினால் 8 × 7 = 56 ஓட்டங்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றும் ஏழு படங்களை வெளியே தள்ள வேண்டும். பல வீட்டு இணைப்புகள் இதில் திணறும். அதனால் நடுவே ஒரு சர்வர் நிற்கிறது. ஆளுக்கு ஒரு படம் மட்டும் மேலே போகிறது. தேவையானவர்களுக்கு அதைப் பிரித்து அனுப்புவது சர்வரின் வேலை. தரவு மையத்துக்குள் அடுக்கி வைக்கப்படும் இயந்திரங்கள் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த ஒரு படத்தை மேலே அனுப்புவதே பெரும்பாடு. 1280-க்கு 720 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 படம். பெருக்கினால் நொடிக்கு 66 கோடி பிட்டுக்கு மேல். வகுப்பு உண்மையில் எடுத்துக்கொள்வது 15 லட்சம் அளவுதான். நானூறில் ஒரு பங்குகூட இல்லை. அசையாத சுவரை மறுபடி மறுபடி அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது ஒரு வழி. இன்னொரு வழியைக் கணக்குப் பாடம் என்றே சொல்லலாம்.

பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, 1972-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஒரு யோசனைக்கு நிதி கேட்டார். படத்தை கொசைன் அலைகளின் கூட்டாகப் பிரித்தால் சுருக்கலாம் என்பது அந்த யோசனை. நிதி கிடைக்கவில்லை. இருந்தும் அவர் விடவில்லை. தன் ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் பார்க்கும் ஜேபெக் படங்களுக்கும் காணொளிகளில் பெரும்பாலானவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தக் கட்டுரைதான்.

அதைப் படிவம் 1 மாணவரும் கையால் செய்து பார்க்கலாம். 2003-இல் வந்த எச்.264 என்ற காணொளி முறை, கொசைனை முழு எண்களாக எளிமைப்படுத்தியது. அடுத்தடுத்த நான்கு புள்ளிகளின் வெளிச்சம் 100, 102, 105, 107 என்று வைத்துக்கொள்வோம். இவற்றை நான்கு வரிசைகளால் தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். முதல் வரிசை 1, 1, 1, 1. விடை 414. இரண்டாவது 2, 1, −1, −2. விடை −17. மூன்றாவது 1, −1, −1, 1. விடை 0. நான்காவது 1, −2, 2, −1. விடை −1.

நான்கு எண்கள் போய் நான்கு எண்கள் வந்ததில் என்ன லாபம்? கடைசி இரண்டைப் பாருங்கள், அநேகமாக ஒன்றுமே இல்லை. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு 414, −17 இரண்டை மட்டும் அனுப்புவோம். மறு முனையில் 414-ஐ நான்கால் வகுத்தால் 103.5. −17-ஐப் பத்தால் வகுத்தால் −1.7. அந்த −1.7-ஐ 2, 1, −1, −2 ஆகியவற்றால் பெருக்கி ஒவ்வொன்றையும் 103.5-உடன் கூட்டினால் 100.1, 101.8, 105.2, 106.9. முழு எண்ணாக்கினால் 100, 102, 105, 107!

பாதியை எறிந்தும் ஒன்றுகூடத் தொலையவில்லை. பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்க வேண்டும். 2, 1, −1, −2 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். 4 + 1 + 1 + 4. வெக்டர் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கன்னம், சுவர், சட்டை எல்லாம் இப்படித்தான், பக்கத்துப் புள்ளியிலிருந்து மெல்லத்தான் மாறும். அதனால் சுருங்கும். எழுத்து அப்படியல்ல. வெள்ளைத் தாளில் மெல்லிய கறுப்புக் கோட்டை மேலிருந்து கீழாகக் கடந்தால் 250, 250, 20, 250 என்று வரும். அதே நான்கு வரிசைகளால் கணக்கிட்டால் 770, 230, 230, −460. எதையும் எறிய வழியில்லை. இணைப்பு மெலியும்போது கடைசி இரண்டும் முழுதாக எறியப்படுகின்றன என்று கொள்வோம். திரும்பி வருவது சுமார் 238, 215, 169, 146. கறுப்புக் கோடு கரைந்து சாம்பல் கறையாகிவிட்டது. அந்தக் கோடு ஒரு கழித்தல் குறியாக இருந்தால்? ஆசிரியரின் முகம் பளிச்சென்று தெரியும் அதே திரையில், −3 என்பது 3 ஆகிவிடும்.

ஆகவே பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கேமராவின் முன் பிடித்துக் காட்டச் சொல்லும் வகுப்பைவிட, ஆசிரியரும் பிள்ளையும் திரையிலேயே எழுதக்கூடிய வெண்பலகையும் பேனாவும் உள்ள வகுப்பே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. அத்தகைய வெண்பலகைகள் எழுத்தைப் படமாக அனுப்புவதில்லை. பேனா போன வழியின் புள்ளிகளை, படிவம் 2-இல் கற்கும் ஆயத்தொலைவுகளாக அனுப்புகின்றன. ஒரு வரி எழுத்துக்குச் சில நூறு எண்கள் போதும், மறு முனையில் கணினி அதைக் கூர்மையாக வரைந்துவிடும். பேனாப் பலகை வாங்க வசதியில்லையென்றால் பழைய கைப்பேசியில் விரலால் எழுதினாலும் நடக்கும். அதுவும் இல்லாத வீட்டில், பிள்ளைக்குத் தடித்த மார்க்கர் பேனா ஒன்றைக் கொடுத்து, குறிகளைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னால் போதும். கோடு நான்கு புள்ளியைவிட வெகுவாக அகலமாகிவிட்டால் அதன் நடுப்பகுதி சுவரைப் போலவே சுருங்கி, கறுப்பாகவே மறு முனைக்குப் போய்ச் சேரும்.